பெயரிடும் உரிமை யாருக்கு?

ஒரு மக்கட் கூட்டத்தினர் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொள்ள வேண்டும் என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவார்க்குச் சொல்லாராய்ச்சியாகத் தோன்றலாம். இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை அறிந்தவர்க்கோ அது வாக்குரிமையும் நிலவுரிமையும் பற்றிய வினாவாகும்.

மன்னாரிலிருந்து மதவாச்சி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே உயிலங்குளம் என்னும் ஊர் உளது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகக் கரையில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியோர், இந்நிலப்பரப்பையும் இதற்கப்பாலுள்ள வன்னிக் காட்டையும் கால்நடையாகக் கடந்தே மாத்தளைக்கும் கண்டிக்கும் சென்றனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். எஞ்சியோர் காடு வெட்டிக் கோப்பி பயிரிட்டனர். கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலையை வளர்த்தனர். இலங்கையின் ஏற்றுமதிச் செல்வம் அவர்தம் முதுகின்மீது எழுந்தது. 1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதை வந்த பின்னரே அக்காட்டு நடை பழங்கதையாயிற்று.

இம்மக்களுக்கு நாடு சூட்டிய பெயர்கள் யாவை? முதற்பெயர் 'கூலி'. தமிழிலே கூலி என்பது செய்த வேலைக்குப் பெறும் ஊதியம். தோட்டத் துரைமாரின் வாயில் அது வேலை செய்யும் மனிதனின் பெயராயிற்று. நேட்டாலிலும் பீஜியிலும் மலாயாவிலும் அதே சொல் அதே இழிவோடு வழங்கிற்று. மனிதனை மறைத்து அவனுடைய விலையை மட்டும் காணும் முதலாளித்துவக் கண்ணுக்கு இதனினும் பொருத்தமான சொல் வேறு கிடையாது. அடுத்து வந்தவை 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி' என்பன. அரசும் முதலாளிகளும் விரும்பி அழைத்து, கங்காணிகள் கணக்கெழுதிக் கொணர்ந்த மக்களின் சந்ததியைக் கள்ளத்தோணி என்றது கொடுமையினும் கொடுமை. அவ்வசைச் சொற்களைத் தமிழ் பேசும் மேட்டுக்குடியினரும் வழங்கினர் என்பதை நாம் மறைக்கலாகாது.

வசைப்பெயர்களினும் ஆபத்தானது அரசாங்கத்தின் ஏட்டுப் பெயர். 1911ஆம் ஆண்டின் குடிசனக் கணக்கெடுப்பு, தமிழரை 'இலங்கைத் தமிழர்' என்றும் 'இந்தியத் தமிழர்' என்றும் இரு கூறாக்கிற்று. கணக்குக்காக இட்ட கோடு பின்னர் மதிலாக உயர்ந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே தோட்டத் தொழிலாளர் தம் பிரதிநிதிகளைத் தெரிந்தனுப்பினர். வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளரின் வெற்றிக்கும் துணை நின்றனர். ஆளும் வர்க்கம் விழித்துக்கொண்டது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தோரிடத்தும் தந்தையின் பிறப்புக்கோ, தந்தைவழிப் பாட்டன், பூட்டன் இருவர்தம் பிறப்புக்கோ சான்று கேட்டது. லயக் காம்பராவிற் பிறந்து வளர்ந்த தொழிலாளி பூட்டனின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவான்? 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் குறித்துப் பின்னர் முடிவு செய்வது என்று பங்கிட்டது. அம்மக்களின் கருத்தை எவரும் கேட்டிலர்.

இலங்கையில் 'இந்தியத் தமிழர்' என்று ஒதுக்கப்பட்டோர் தமிழகம் சென்றபோது அவர்களுக்கு அங்கே கிடைத்த பெயர் என்ன? நீலகிரியிலும் கொடைக்கானல் மலைப்பகுதியிலும் அவர்கள் 'சிலோன்காரர்' ஆயினர்! இரு நாடுகளும் ஒருவரை மற்றைய நாட்டின் பெயரால் அழைக்குமாயின், அப்பெயர் அவரது ஊரைக் குறிக்கவில்லை. அவருக்கு உரிமையில்லை என்பதையே குறிக்கின்றது.

இந்நிலையிலேதான் 'மலையகத் தமிழர்' என்னும் பெயர் எழுந்தது. அறுபதுகளில் ஆசிரியரும் மாணவரும் எழுத்தாளரும் அதனை முன்னெடுத்தனர். தாம் உழைத்துப் பண்படுத்திய மண்ணைத் தம் அடையாளமாக்கியதே அதன் சிறப்பு. வந்த இடத்தை அன்று, வாழும் இடத்தை அது பேசிற்று.

எதிர்வாதங்களும் உள. 'இந்திய வம்சாவளியினர்' என்போர், மூதாதையர் நாட்டின் ஆதரவை இழக்கலாகாது என்கின்றனர்; 2003ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் அச்சொல்லையே தலைப்பிற் கொண்டது. 'இலங்கைத் தமிழர்' என்றே பதிவோம் என்போர், பிரிவினைக் கோட்டை அழிக்க விரும்புகின்றனர். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் 839,504 பேர். வேறு பெயரிற் பதிந்துகொண்டோரும் இருந்தனர். மூன்றாவது வாதம் மன்னார் மண்ணோடு தொடர்புடையது. 1977ஆம் ஆண்டு வன்செயலின்பின் மலைநாட்டிலிருந்து பெயர்ந்த குடும்பங்கள் பல, வவுனியா, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களிற் குடியேறின. பாட்டன் நடந்து கடந்த காட்டுக்கே பேரன் திரும்பி வந்தான். மலையே இல்லாத சமவெளியில் வாழ்வோர் மலையகத்தார் ஆவரோ?

ஆவர் என்பதே எம் துணிபு. பெயர் நிலநூற் குறிப்பு மட்டுமன்று. கூட்டு வரலாற்றின் சுருக்கமுமாகும். ஆயினும் அதனை ஏற்பதும் மறுப்பதும் அவர்களுடைய உரிமை. கணக்கெடுப்பு அதிகாரியோ, தூதரகமோ, யாழ்ப்பாணத்துப் படித்த வகுப்போ அதனைத் தீர்மானித்தல் தகாது. 2023இல் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் சென்றோர், மலையக மக்கள் என்னும் பெயரையே உயர்த்திப் பிடித்தனர். முன்னோர் பெயரற்று நடந்த வழியிலே சந்ததியார் தாமே தேர்ந்த பெயருடன் நடந்தனர்.

பெயர் மட்டும் போதுமா? போதாது. சொந்தக் காணியும் வீடும், தபாற்காரன் கதவைத் தட்டும் முகவரியும் இன்றி லயங்களில் வாழும் குடும்பங்கள் இன்னும் உள. தன் பெயரைத் தானே தேர்ந்த மக்கள், அப்பெயரை எழுதி ஒட்டத் தமக்கென ஒரு வாசற்கதவையும் கேட்கின்றனர். அக்கோரிக்கையை மாணவரிடத்தே எடுத்துரைப்பது ஆசிரியர் கடன். அதற்குத் துணை நிற்பது நம் அனைவர் கடன்.