எண் பெறாத ஆட்டங்கள்: ஒரு கேம் தொடரின் முதன்மை வரிசை உருவான விதம்

கேம் தொடரில் எது முதன்மை, எது கிளை என்ற வழக்கு பழையது. 1986இல் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2' மிகக் கடினம் என்று அமெரிக்காவுக்கு அனுப்பப்படவில்லை. பதிலுக்கு 'டோக்கி டோக்கி பேனிக்' என்ற வேறோர் ஆட்டத்துக்குள் மாரியோவைப் புகுத்தி, 1988இல் அதே பெயரில் அங்கே விற்றார்கள். 'ஃபைனல் ஃபேன்டசி'யின் நான்காம் பாகம் அமெரிக்காவில் இரண்டாம் பாகமானது, ஆறாவது, மூன்றாவதானது. அட்டையில் அச்சாகும் எண் வியாபாரக் கணக்கு. அதைக்கொண்டு வம்சாவளி எழுத முடியாது.

நமக்கு நன்கு தெரிந்த சான்று 'ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி'. 2001இல் வந்த மூன்றாம் பாகத்தின் இணைப்பாகவே அதை முதலில் திட்டமிட்டார்கள். வளர்ந்து 2002இல் தனி ஆட்டமாக வந்தபோதும் அதற்கு எண் இல்லை. 2004இன் 'சான் ஆன்ட்ரியாஸ்'க்கும் இல்லை. 2008இல் ராக்ஸ்டார் நிறுவனம் நேராக நான்குக்குத் தாவியது. எண்ணே அளவுகோல் என்றால் இவை இரண்டும் கிளைகள்தாம். அப்படிச் சொல்லும் ரசிகரைக் காண்பது அரிது.

சிக்கல் 'லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ்' (2005), 'வைஸ் சிட்டி ஸ்டோரீஸ்' (2006) ஆகியவற்றில்தான். அதே நகரங்கள், அதே ஆட்டமுறை, எண்ணும் இல்லை. கைக்கருவியான பி.எஸ்.பி.யில் பிறந்ததால் பலர் அவற்றைக் கிளை என்கிறார்கள். ஆனால் இரண்டுமே பிறகு பிளேஸ்டேஷன் 2க்கும் வந்தன. பிறந்த கருவியைக் காட்டி ஒதுக்குவது வலுவான வாதமாக எனக்குப் படவில்லை.

கோவை நகரத்து பிரவுசிங் சென்டர்களிலும் தொண்டாமுத்தூர் போன்ற ஊர்களின் வீட்டுக் கணினிகளிலும் இந்த வழக்குக்கே இடமில்லாமல் போனது. மேற்படி இரண்டு 'ஸ்டோரீஸ்'களும் கணினிக்கு வரவே இல்லை. 'வைஸ் சிட்டி'க்கு 128 எம்.பி. ராம் போதும், நான்காம் பாகம் கேட்டதோ 1.5 ஜி.பி. ராமும் 16 ஜி.பி. இடமும். வீட்டில் யார் வாங்கித் தருவார்கள்? எனவே பையன்களின் முதன்மை வரிசையைத் தீர்மானித்தது நிறுவனமோ விமர்சகரோ அல்ல, சி.பி.யு. பெட்டி. 'கிரிக்கெட் 07'க்கும் இதே கதை. இ.ஏ. நிறுவனம் அதோடு கிரிக்கெட் தொடரை நிறுத்திவிட்டது. ரசிகர்களோ புதிய அணிகளும் சீருடைகளும் சேர்த்த பேட்ச்களால் அதை நீட்டித்துக்கொண்டார்கள். பிக் ஆன்ட் நிறுவனத்தின் 'டான் பிராட்மன் கிரிக்கெட் 14' வேறு வீட்டுப் பிள்ளை. அந்த வரிசையிலும் பின்னால் பிராட்மன் பெயர் உதிர்ந்து வெறும் 'கிரிக்கெட் 19' ஆனது. தொடர் அறுந்ததாக எவரும் வாதிட்டதாகத் தெரியவில்லை.

தமிழ் ஏட்டுலகம் இத்தகைய வழக்கை ஏற்கெனவே கண்டது. கீழ்க்கணக்கின் பதினெட்டாவது நூல் இன்னிலையா, கைந்நிலையா? கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி. 1917இல் இன்னிலையை உரையுடன் பதிப்பித்தார். 1931இல் அனந்தராமையர் கைந்நிலையை வெளியிட்டார். இன்று கைந்நிலைக்கே ஆதரவு அதிகம். அங்கே பதினெட்டு என்ற எண் முன்பே உறுதியாகிவிட்டதால் ஒன்றை ஏற்றால் மற்றதைத் தள்ளியாக வேண்டும். கேம் தொடருக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆகவே 'ஸ்டோரீஸ்' இரண்டையும் முதன்மை வரிசையில் சேர்ப்பதே நியாயம் என்பது என் முடிவு.

ஆறாம் பாகம் 2026 நவம்பர் 19 என ராக்ஸ்டார் தேதி அறிவித்தது. களம் மீண்டும் வைஸ் சிட்டி, இம்முறை எண்ணோடு. அறிவிப்பில் இருந்தவை பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் மட்டும். கணினியின் பெயர் அதில் இல்லை.