கம்ப்யூட்டருக்கு தனி சவுண்ட் கார்டு வாங்கணுமா?

1989-ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரை கொண்டு வந்தபோது, சாதாரண ஐபிஎம் பிசிக்கு 'பீப்' சத்தம்தான் தெரியும். அப்போ தனி கார்டு அவசியம். 2004-ல் இன்டெலின் ஹெச்டி ஆடியோ வந்த பிறகு, மதர்போர்டே சிடி தரத்தைத் தாண்டிவிட்டது.

பாட்டு, படம், மீட்டிங்குக்கு அதுவே போதும். ப்ளூடூத் ஹெட்போன் என்றால் கார்டு வீண் செலவுதான். ஒலியாக மாற்றும் சிப் ஹெட்போனுக்குள்ளேயே இருக்கு.

மவுஸை நகர்த்தினாலே 'கீ...' என்று இரைச்சல் கேட்குதா? மதர்போர்டின் மின் இரைச்சல் ஒலிப் பாதையில் கலந்திருக்கலாம். இதற்கு உள்ளே செருகும் கார்டை விட, வெளியே வைக்கும் யூஎஸ்பி டாக் பெரும்பாலும் நல்லது. 250, 300 ஓம் ஸ்டூடியோ ஹெட்போனுக்கு ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த டாக் பாருங்க. மைக்கில் பாடி ரெக்கார்டு பண்றவங்களுக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ்.

வாங்கும் முன், அதே ஹெட்போனை மொபைலில் செருகிக் கேளுங்க. அங்கேயும் இரைச்சல் வந்தா, கோளாறு ஹெட்போனில்தான்.