உறையூருக்கு வந்த புலவரும் வலைத்தளத்துக்கு வரும் வாசகரும்

சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உறையூருக்குள் நுழைந்த ஒரு புலவர், யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாமலே சாவின் வாசல் வரை போய்த் திரும்பினார். அவர் பெயர் இளந்தத்தன். அப்போது உறையூர் நெடுங்கிள்ளியின் கையில் இருந்தது. அவனுக்கும் இன்னொரு சோழனான நலங்கிள்ளிக்கும் தீராத பகை. இளந்தத்தன் வந்தது நலங்கிள்ளியிடமிருந்து. அது ஒன்றே போதுமானதாக இருந்தது. இவன் ஒற்றன் என்று முடிவு கட்டி, அவரைக் கொல்லப் போனான் நெடுங்கிள்ளி.

அந்த நேரத்தில் கோவூர் கிழார் என்ற புலவர் குறுக்கே வந்து பேசினார். புலவர்கள் பரிசு தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள், கிடைத்ததைச் சுற்றத்துக்கும் மற்றவருக்கும் கொடுத்து உண்கிறவர்கள், பிறருக்குக் கேடு செய்யும் பிழைப்பு அவர்களுடையது அல்ல என்று எடுத்துச் சொன்னார். இளந்தத்தன் பிழைத்தார். புறநானூற்றின் 47-ஆம் பாட்டும் அதன் அடிக்குறிப்பும் தரும் செய்தி இது.

இந்தச் சிறிய சம்பவத்தில் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. வருகிறவரைக் கவனிப்பது ஊர்க்காவலுக்குத் தேவைதான். ஆனால் அவரைப் பற்றிச் சேர்த்த ஒரு தகவலை வைத்து, அவருக்குத் தெரியாமலே அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வரலாமா? வலைத்தளங்களுக்கு வருகிறவர்களைப் பற்றி இன்று உலகம் முழுக்க நடக்கும் விவாதமும் இதுதான்.

அந்தக் காலக் கண்காணிப்பு

உறையூர் வெளியார் வந்து போகும் ஊராகவே இருந்தது. முற்காலச் சோழரின் தலைநகரம் அது. பருத்தித் துணிக்குப் பேர் பெற்றது. 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் இங்கே நடத்திய அகழாய்வில் சாயத்தொட்டியும், தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகளும், ரோமானிய வணிகத் தொடர்பைக் காட்டும் மட்பாண்டங்களும் கிடைத்தன.

சோழரின் துறைமுகமான காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்க அதிகாரிகள் வந்து போகும் பொருளை அளந்து புலி முத்திரை இட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அங்கே முத்திரை விழுந்தது மூட்டைகளின் மேல். ஆட்களைக் கவனிக்கும் வேலை ஒற்றர்களுடையது. திருக்குறளில் 59-ஆம் அதிகாரம் முழுவதும் ஒற்றாடல் பற்றியதுதான். துறவி வேடத்திலும் போய் ஆராய வேண்டும் என்கிறார் வள்ளுவர். ஆனால் ஓர் ஒற்றன் சொன்னதை உடனே நம்பிவிடாதே, இன்னொரு ஒற்றனைக் கொண்டு சரிபார், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்வதும் ஒத்துப்போனால் ஏற்றுக்கொள் என்றும் சொல்கிறார். தகவல் தவறாகவும் இருக்கலாம் என்ற எச்சரிக்கை அப்போதே இருந்தது. நெடுங்கிள்ளியிடம் இல்லாமல் போனது அந்த எச்சரிக்கைதான்.

வடக்கே அர்த்தசாஸ்திரம் இதை ஒரு சட்டமாகவே வகுத்தது. வீட்டுக்கு வெளியார் வந்தாலும் போனாலும் வீட்டுக்காரர் அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அன்று இரவு நடக்கும் குற்றத்துக்கு அவரே பொறுப்பு. ஒன்றும் நடக்காவிட்டாலும் மூன்று பணம் அபராதம். சத்திரம் நடத்துகிறவர்களுக்கும் இத்தகைய கடமை உண்டு. இன்று விடுதிகளில் பெயரும் முகவரியும் எழுதி வாங்குவது இந்தப் பழைய வழக்கத்தின் தொடர்ச்சி போலவே இருக்கிறது.

கைரேகைச் சட்டம்

கண்காணிப்பு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதைத் தமிழ்நாடு ஆங்கிலேயர் காலத்தில் பார்த்தது. 1871-இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தி எழுதப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இதன்படி சில சாதியினர், எந்தக் குற்றமும் செய்யாவிட்டாலும், பிறப்பாலேயே சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். அவர்களின் விரல் ரேகை பதியப்பட்டது. இரவில் காவல் நிலையத்திலோ குறிப்பிட்ட பொது இடத்திலோ ஆஜராக வேண்டும். வேறு ஊருக்குப் போக 'ராதாரிச் சீட்டு' வாங்க வேண்டும். மக்கள் இதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர்.

உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் இந்தச் சட்டம் ஒழிந்தது. இளந்தத்தனுக்கு ஒரு நாள் நேர்ந்தது, இங்கே பல்லாயிரம் பேருக்கு ஆண்டுக்கணக்கில் நேர்ந்தது. 

வலைத்தளத்தின் வருகைப் பதிவேடு

ஒருவர் ஒரு வலைத்தளத்தைத் திறந்ததும், அந்தத் தளம் இருக்கும் கணினியில் ஒரு வரி பதிவாகிறது. அவரது ஐ.பி. எண், நேரம், பார்த்த பக்கம், பயன்படுத்திய உலாவி, பல சமயம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பது எல்லாம் அதில் இருக்கும். கடைசியாகச் சொன்னது கவனிக்கத்தக்கது. இளந்தத்தனைப் பற்றி நெடுங்கிள்ளிக்குத் தெரிந்ததும் அதேதான், எங்கிருந்து வந்தார் என்பது. எதற்காக வந்தார் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது.

1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி என்பவர் 'குக்கி'யை உருவாக்கினார். வந்தவரையே மறுபடி அடையாளம் காண, அவரது கணினியில் தளம் வைக்கும் சிறு குறிப்பு அது. கடைக்கூடையில் போட்ட பொருளை நினைவில் வைப்பது போன்ற வேலைகளுக்கு உதவியது. பின்னர் விளம்பர நிறுவனங்கள் பல தளங்களில் ஒரே குக்கியைப் பயன்படுத்தி, ஒருவர் எங்கெல்லாம் போகிறார் என்று கோர்க்கத் தொடங்கின. 2005-இல் கூகுள் அனலிட்டிக்ஸ் இலவசமாக வந்தபின், சிறு தளம் நடத்துகிறவரும் வருகையாளரை அளக்க முடிந்தது.

பிரச்சினை எண்ணிக்கையில் இல்லை. இன்று 200 பேர் வந்தார்கள் என்பது யாரையும் பாதிக்காது. இன்னார் இந்த நோயைப் பற்றி இத்தனை முறை தேடினார் என்பது பாதிக்கும். அதை வைத்து அவருக்கு வேலையோ கடனோ காப்பீடோ மறுக்கப்பட்டால், காரணம் கூட அவருக்குத் தெரியாமல் போகலாம்.

சட்டம் பேசத் தொடங்கியது

ஐரோப்பாவில் 2016-இல் அங்குள்ள நீதிமன்றம், மாறிக்கொண்டே இருக்கும் ஐ.பி. எண்ணும் சில சூழல்களில் தனிப்பட்ட தகவலே என்று தீர்ப்பளித்தது. 2018 மே 25 முதல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முன்கூட்டியே 'டிக்' செய்து வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று 2019-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது.

இந்தியாவில் 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றனர். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. எந்தத் தகவலை எதற்காக எடுக்கிறோம் என்று முன்பே அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழ் உட்பட எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்க வழி தர வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர்களின் இணைய நடத்தையைப் பின்தொடர்வதற்குப் பொதுவாகத் தடை. தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம் தரப்பட்டது. அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளவும் இந்தச் சட்டம் இடம் தருகிறது. கைரேகைச் சட்டத்தை நினைத்துப் பார்த்தால், இது பலருக்குக் கவலை தருவதில் வியப்பில்லை.

கோவூர் கிழார் செய்தது

வருகையை அளப்பதும் அந்தரங்கத்தை மதிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. ஐ.பி. எண்ணின் கடைசிப் பகுதியை வெட்டிவிடலாம். பதிவேட்டைச் சில நாட்களில் அழித்துவிடலாம். மொத்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளலாம். எத்தனை பேர், எந்தப் பக்கம் என்பது அப்போதும் தெரியும். யார் என்பது மட்டும் தெரியாது. பெரும்பாலான தளங்களுக்கு அது தேவையும் இல்லை.

அதற்கு மேல் தகவல் தேவைப்படும் இடத்தில், சம்பந்தப்பட்டவருக்கு அதைத் தெரிந்துகொள்ளவும், பார்க்கவும், திருத்தவும், அழிக்கச் சொல்லவும் வழி இருக்க வேண்டும். புதிய சட்டம் ஏட்டில் தந்திருப்பது இந்த உரிமைகளைத்தான். கோவூர் கிழார் உறையூரின் காவலை எடுத்துவிடச் சொல்லவில்லை. தவறான முடிவுக்கு எதிராக ஒரு வார்த்தை சொன்னார், அரசன் அதைக் கேட்டான். இளந்தத்தனுக்கு அது கிடைத்தது அதிர்ஷ்டத்தால். இன்று அது ஒவ்வொரு வாசகருக்கும் உரிமையாகக் கிடைக்க வேண்டும்.