அணுகுண்டும் கடன் கொப்பியும்

அணுயுத்தப் பயம் சாதாரண சனங்களின் வாழ்க்கையை எப்படி மாற்றியது என்று மேல்நாடுகளில் நிறைய எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை மேசைக்கடியில் குனிந்து ஒளியப் பழக்கினார்கள். வசதியுள்ளவர்கள் வீட்டுத் தோட்டத்தில் நிலவறை வெட்டினார்கள். இங்கிலாந்தில் 1958இல் ஆயிரக்கணக்கானோர் இலண்டனிலிருந்து ஆல்டர்மாஸ்டன் அணு ஆயுத ஆய்வு நிலையத்துக்கு ஊர்வலமாக நடந்தார்கள். ஜப்பானில் 1954இல் ‘கொட்ஸில்லா’ படம் வந்தது.

இந்த வரலாறுகளில் மலையகம் இல்லை. கந்தப்பளையில் எவரும் நிலவறை வெட்டவில்லைதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் ஒரு குடும்பம் காலை நீட்டிப் படுக்கவே இடமில்லாதபோது நிலவறைக்கு எங்கே போவது? ஆனால் அணுயுகம் இங்கேயும் வந்தது. அது வந்த வழிதான் வேறு.

நுவரெலியாவிலிருந்து ராகலைக்குப் போகும் பாதையில் உள்ளது கந்தப்பளை. அதன் கடைவீதியில் எங்கள் வாப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுத் தோட்டங்களிலிருந்து சனம் சாமான் வாங்க இறங்கி வரும். கடையில் ஒரு ரேடியோ. இலங்கை வானொலியின் தமிழ்ச் செய்தி வந்தால் தராசும் கொஞ்சம் நிற்கும்.

1962 ஒக்டோபரில் கியூபா நெருக்கடி. அதே மாதம் 20ஆம் திகதி இந்திய-சீன எல்லையில் யுத்தம். அந்த நாட்களில் தோட்டத்து அக்கா ஒருவர் கேட்டது எனக்கு இன்னும் ஞாபகம்: “ஏன் நானா, ரஷ்யாக்காரனும் அமெரிக்காக்காரனும் அடிச்சிக்கிட்டா நமக்கு என்னா?” வாப்பா சொன்ன பதில் சின்னது: “கப்பல் வராது தங்கச்சி. கப்பல் வராட்டி மாவும் இல்ல, தேயிலையும் போகாது.”

இது பாமரப் பேச்சல்ல, அனுபவம். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் இலங்கைக்கு வந்த பர்மா அரிசி நின்றுபோனது. அந்த ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. கொழும்புச் சனம் உள்நாட்டுக்கு ஓடியது. மலையகத்தில் யுத்தத்தை அளந்த படி அரிசியும் மாவும்தான்.

அணுகுண்டுக்கு எதிரான குரலில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1954 மார்ச் 1ஆம் திகதி அமெரிக்கா பிக்கினித் தீவில் வெடித்த ஐதரசன் குண்டின் சாம்பல் ஜப்பானிய மீனவர்கள்மேல் விழுந்தது. அடுத்த மாத இறுதியில் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய ஐந்து நாடுகளின் பிரதமர்கள் கொழும்பிலும் கண்டியிலும் கூடி, இத்தகைய சோதனைகளை நிறுத்தும்படி கேட்டார்கள். மறுவருடப் பாண்டுங் மாநாட்டுக்கு வித்திட்டதும் அந்தக் கூட்டமே. வல்லரசுகள் கேட்கவில்லை. 1960 பெப்ரவரி 13ஆம் திகதி, பராஅத் இரவை ஒட்டிய நாட்களில், பிரான்ஸ் தன் முதல் அணுகுண்டை அல்ஜீரியாவின் சஹாராவில் வெடித்தது. விடுதலைக்காகப் போராடிக்கொண்டிருந்த அந்த மண்ணின் மக்களிடம் சம்மதம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

சம்மதம் கேட்கப்படாதவர்கள் நம் பக்கத்திலும் இருந்தார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. ‘சம்மாங்காரர்’ என்று நாம் அழைத்த தென்னிந்திய முஸ்லிம்களையும் அது வெளியே நிறுத்தியதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

1964 ஒக்டோபர் 16ஆம் திகதி சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது. சரியாகப் பதினான்கு நாட்களில், ஒக்டோபர் 30ஆம் திகதி, டில்லியில் சிறீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதர்கள் கணக்குப் பார்த்துப் பிரிக்கப்பட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை இலட்சம் பேரின் விடயத்தைப் பிறகு பார்ப்போம் என்று முடிவு.

சீனக் குண்டுதான் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது என்று சொன்னால் அது மிகை. பேச்சு நேருவின் காலத்திலிருந்தே நடந்துவந்தது. ஆனால் 1962இல் தோற்று, வடக்கே அணுகுண்டு வைத்த அயலானைக் கண்ட இந்தியாவுக்குத் தெற்கே ஒரு நட்பு நாடு அவசரமாகத் தேவைப்பட்டது. நேரு மறுத்துவந்ததைச் சாஸ்திரி ஏற்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. தொழிலாளரின் தலைவர்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. லொப் நோர் பாலைவனத்தில் வெடித்ததன் நிழல் கந்தப்பளை லயங்களிலும் விழுந்தது என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான்.

அதற்கான ஆவணம் எங்கள் வீட்டில் இருந்தது. அது வாப்பாவின் கடன் கொப்பி. ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். எழுபதுகளில் அந்தப் பக்கங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. போகிறவர்கள் வந்து கணக்குத் தீர்த்தார்கள். காசில்லாதவர்கள் பித்தளைக் குடத்தையோ ஆட்டையோ கொண்டுவந்தார்கள். குடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தின் குறுக்கே கோடு போட்ட நாட்களும் உண்டு. “போற எடத்துல தண்ணி அள்ள வேணாமா?” என்பார் வாப்பா.

1971 டிசம்பர் 16ஆம் திகதி, டாக்கா வீழ்ந்த அதே நாளில், இலங்கை முன்வைத்த ‘இந்து சமுத்திரம் சமாதான வலயம்’ என்ற தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. ஆதரவு 61, எதிர்ப்பு இல்லை, ஒதுங்கியவர்கள் 55. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒதுங்கியவர்களில் அடக்கம். அந்த வாரந்தான் அணுசக்தியால் ஓடும் ‘என்டர்பிரைஸ்’ போர்க்கப்பல் வங்காள விரிகுடாவுக்கு வந்திருந்தது. சமுத்திரத்துக்குச் சமாதானம் கேட்ட அரசு, 1974 ஜனவரியில் மீதி ஒன்றரை இலட்சம் பேரையும் இந்தியாவோடு பாதிபாதியாகப் பங்குபோட்டது. தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்த காலம் அது. அந்த மே மாதம் 18ஆம் திகதி பொக்ரானில் இந்தியா தன் முதல் அணுகுண்டைச் சோதித்ததும் ரேடியோவில்தான் வந்தது. அன்று வரிசையில் நின்ற சனத்தின் பேச்சு மாவைப் பற்றியே இருந்தது.

அக்காலத்துப் படம் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ (1973). மின்னலின் சக்தியைப் பிடித்துவைக்க வழி கண்ட விஞ்ஞானி, அது அழிவுக்குப் பயன்படும் என்று அஞ்சி, குறிப்புகளை எரித்துவிட்டதாக அறிவிக்கிறான். எம்.ஜி.ஆர். கண்டிச் சீமையில் பிறந்தவர் என்பதால் மலையகத்துக்கு அவர் சொந்த மனிதர். பாட்டுக்கும் சண்டைக்குமாகப் பார்த்த படத்துக்குள் அணுயுகத்தின் கேள்வி ஒன்று இருந்ததை நான் பிந்தித்தான் உணர்ந்தேன்.

தாயகம் திரும்பியோரைத் தலைமன்னாரிலிருந்து ஏற்றிப்போன கப்பல் இராமேஸ்வரத்தில் இறக்கியது. 1998 மே மாதம் இந்தியா மறுபடி குண்டு வெடித்தபோது அதன் முன்னணியில் நின்ற அப்துல் கலாம் அந்த இராமேஸ்வரத்தின் மரக்கலக் குடும்பத்துப் பிள்ளை. அதே மாதம் பாகிஸ்தானும் வெடித்தது. ஜூலையில் வாஜ்பாயும் நவாஸ் ஷரீபும் சந்தித்தது நம் கொழும்பில், சார்க் மாநாட்டில். தமிழ் முஸ்லிம் ஒருவரின் உயர்வில் நாம் பெருமைப்பட்டோம். பெருமைப்பட இடமும் உண்டு. ஆனால் அதே கரையில் மூட்டை முடிச்சோடு இறங்கியவர்களின் வரலாற்றையும் சேர்த்து வைத்துத்தான் அந்தப் பெருமையை எடைபோட வேண்டும்.

வாப்பாவின் கொப்பிகளில் பெரும்பாலானவை கறையானுக்குப் போய்விட்டன. மலையகத்துக் கடைவீதிகளில் இன்னும் சில வீடுகளில், பழைய பெட்டிகளில், அப்படியான கொப்பிகள் கிடக்கும். குப்பையென்று கொளுத்துமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். கோடு போட்ட ஒவ்வொரு பக்கமும் கப்பலேறிய ஒரு குடும்பம்.