வேலியில் படரும் ஊதாப் பூ: கங்கோங்கா, காட்டுக்கொடியா?

காலையில் எம்ஆர்டி நிலையத்துக்கு நடக்கும்போது, கம்பிவேலி முழுக்கப் புனல் வடிவ ஊதாப் பூக்களைப் பார்த்திருப்பீங்க. சாயங்காலம் திரும்பி வரும்போது அவை சுருண்டு வாடியிருக்கும்.

"கங்கோங் பூ மாதிரியே இருக்கே!" என்று தோன்றினால் தப்பில்லை. இரண்டும் ஐப்போமியா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. சர்க்கரைவள்ளியும் அதே சொந்தம்தான்.

அதற்காகப் பறித்துக் கீரையாகச் சமைத்துவிடலாமா? அவசரப்படாதீங்க. முதலில் பூவை விட்டுவிட்டு இலையைப் பாருங்க.

வேலியில் இருப்பது பெரும்பாலும் 'ரயில்வே கிரீப்பர்'. ரயில் பாதையோரம் செழித்து வளர்வதால் வந்த பெயர். (தஞ்சோங் பகாருக்கு ரயில் வருவது 2011-இல் நின்றுபோனது, கொடியின் பெயர் மட்டும் மாறவில்லை.)

உள்ளங்கையை விரித்துப் பிடியுங்க. அதன் இலை அப்படித்தான் இருக்கும்: 5 பிரிவுகள், கிட்டத்தட்ட காம்பு வரை பிளந்திருக்கும். அடியில் உள்ள இரண்டும் சில சமயம் மறுபடி பிளந்திருப்பதால், 7 என்று எண்ணிவிடுவோம். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் அதே வடிவத்தில் குட்டி இலைகள் தெரிந்தால், இன்னும் உறுதி.

கங்கோங் இலை பிளவில்லாமல் அம்புமுனை போல இருக்கும். தண்டை ஒடித்தால் உள்ளே வெற்றுக்குழாய்.

உண்மையில் குழப்புவது சர்க்கரைவள்ளிதான். சில ரகங்களின் இலையும் விரல் விரலாக இருக்கும். ஆனால் பிளவு பொதுவாகக் காம்பு வரை போகாது.

கடற்கரை மணலில் படர்ந்திருந்தால் அது வேறு கொடி, அடம்பு. இலை நுனி ஆட்டுக் குளம்பு போல இரண்டாகப் பிரிந்திருக்கும். சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துக்கு உரியதாக வரும் அதே அடம்புதான்!

ரயில்வே கிரீப்பர் பல்லாண்டு வாழும் கொடி. வேர் கிழங்குபோல் தடிக்கும். தரையைத் தொடும் கணுக்களிலும் வேர்விடும். சமூகத் தோட்டத்தில் புகுந்துவிட்டால், மேலே மட்டும் வெட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. வேரோடு எடுக்கணும். இல்லாவிட்டால் பக்கத்துச் செடிகளின் மேல் ஏறி வெளிச்சத்தை மறைத்துவிடும்.

இந்தப் பேரினத்தின் சில வகை விதைகளில் நச்சு உண்டு. அடையாளம் உறுதியாகத் தெரியாத கொடியை வாயில் வைக்காதீங்க. பூங்காக்களில் அனுமதியின்றிச் செடிகளைப் பறிப்பதும் குற்றம்.

சந்தேகமாக இருந்தால் படமெடுங்க. பூவை மட்டுமல்ல, முழு இலையையும் காம்பின் அடியையும் சேர்த்து.