கைத்துப்பாக்கியும் கதாசிரியரும்

ஆயுதங்களுக்கென்று ஒரு பண்டிகையை வைத்துக் கொண்டாடும் தேசம் நம்முடையது. இந்தக் காலத்து ஆயுத பூஜையில் அரிவாள்மணைக்கும் தையல் இயந்திரத்துக்கும் மோட்டார் வண்டிக்கும்தான் சந்தனப் பொட்டு வைக்கிறோம் என்பது வேறு விஷயம். வாளும் வேலும் இருந்த இடத்தைத் திருப்புளியும் சுத்தியலும் பிடித்துக்கொண்டு விட்டன. அதற்காக, ஆயுதத்தின் மீது மனிதனுக்கு உள்ள மோகம் ஓய்ந்துவிட்டது என்று யாராவது சொல்ல முடியுமா?

அந்த மோகம் எவ்வளவு பழமையானது என்று அறிய மாமல்லபுரத்துக்குப் போனால் போதும். மகிஷாசுரமர்த்தினி குகையில் தேவி சிங்கத்தின் மீது ஆரோகணித்து வருகிறாள். எட்டுக் கரங்கள். வில், வாள், சக்கரம், சங்கு, மணி என்று ஒவ்வொன்றையும் பல்லவச் சிற்பி எத்தனை ஆசையோடு செதுக்கியிருக்கிறான்! எதிர்ச் சுவரில் அனந்தசயனம். அங்கே இன்னும் ஒரு படி மேலே போய்விட்டான். பகவானுடைய ஆயுதங்களுக்கே முகமும் உடலும் கொடுத்து, ஆயுத புருஷர்களாக ஆக்கிவிட்டான். ஆயுதம் வெறும் இரும்பு அல்ல, அதற்கும் ஒரு மனம் உண்டு, ஒரு விருப்பம் உண்டு என்பது அந்தச் சிற்பியின் எண்ணம் போலும். அது வெறும் கற்பனையா? இந்தக் கடற்கரையின் பிற்காலச் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

புதிதாக ஒரு கைத்துப்பாக்கி வாங்கியவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வீணை வித்வான் தம்முடைய புது வீணையைக் காட்டுவது போலத்தான் அவன் அதை நண்பர்களுக்குக் காட்டுவான். கைப்பிடிக்குத் தந்தம் பதித்தேன் என்பான். பெயரின் முதலெழுத்துக்களைப் பொறித்தேன் என்பான். "கையில் வாங்கிப் பாருங்கள், கனமே தெரியாது!" என்பான். அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும். ஒருவர் குறி பார்ப்பார். இன்னொருவர் விசையைத் தடவிப் பார்ப்பார். அந்த நேரத்தில் அது ஒரு விளையாட்டுச் சாமான். அவ்வளவுதான்.

1744-ஆம் ஆண்டு சென்னைப் பட்டணத்தில் கப்பலிலிருந்து இறங்கிய ஓர் ஆங்கிலேயப் பையனிடமும் அப்படி ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. கும்பினியாரின் கீழ்த்தரக் குமாஸ்தா வேலை. சொற்பச் சம்பளம், தாங்க முடியாத வெயில், பேச ஒரு சிநேகிதன் கிடையாது. வாழ்க்கை வெறுத்துப் போன அந்தப் பையன் ஒரு நாள் துப்பாக்கியைத் தன் மீதே திருப்பிக்கொண்டான் என்றும், இரண்டு தடவையும் அது வெடிக்கவில்லை என்றும் ஒரு கதை உண்டு. பிறகு அறைக்கு வந்த நண்பனிடம் கொடுத்து, ஜன்னலுக்கு வெளியே சுடச் சொன்னானாம். உடனே வெடித்தது! 'என்னை ஏதோ பெரிய காரியத்துக்காகத்தான் விதி மிச்சம் வைத்திருக்கிறது' என்று எண்ணினானாம் அந்தப் பையன். அவன்தான் ராபர்ட் கிளைவ்.

அந்தக் காலத்துத் துப்பாக்கி சக்கிமுக்கிக் கல்லை நம்பிய துப்பாக்கி. கல் உரசிப் பொறி பறக்க வேண்டும். பொறி கிண்ணத்து மருந்தில் விழ வேண்டும். மருந்து ஈரமில்லாமல் இருக்க வேண்டும். இத்தனையும் சரியாக அமைந்தால்தான் குண்டு கிளம்பும். ஒரு துளி ஈரம் சரித்திரத்தையே மாற்றிவிடக்கூடிய காலம் அது.

எட்டு வருஷம் கழித்து, 1752-இல், அதே கிளைவ் இந்தப் பக்கம் படையெடுத்து வந்தார். முதலில் கோவளம் கோட்டை, அடுத்தது செங்கல்பட்டுக் கோட்டை. இரண்டும் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் வசம். கிளைவுடன் வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களில் பெரும்பாலோர் லண்டன் தெருக்களில் பொறுக்கி எடுத்து அனுப்பப்பட்ட புதியவர்கள். கோவளத்தில் முதல் குண்டு விழுந்து ஒருவன் செத்ததும் மற்றவர்கள் அத்தனை பேரும் திரும்பி ஓட்டம் பிடித்தார்கள். காவலுக்கு நிறுத்திய ஒருவனைச் சில மணி நேரத்துக்குப் பிறகு ஒரு கிணற்றின் அடியில் கண்டுபிடித்தார்களாம்! தோளில் துப்பாக்கி ஏறிவிட்டால் நெஞ்சில் தைரியமும் ஏறிவிடும் என்று நினைப்பவர்கள் அந்தக் கிணற்றை மறக்கக் கூடாது. அந்தப் பயங்கொள்ளிகளைத்தான் கிளைவ் போர்வீரர்களாக்கினார். கோவளம் விழுந்தது, ஏரிக்கரையில் இருந்த செங்கல்பட்டுக் கோட்டையும் பணிந்தது.

1780-இல் அதே செங்கல்பட்டு இன்னொரு காட்சியைக் கண்டது. பொள்ளிலூரில் ஹைதர் அலியும் அவர் குமாரர் திப்புவும் பெய்லியின் சேனையைச் சின்னாபின்னம் செய்தார்கள். காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோ தம் பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். ஆயுதங்களை ரசிப்பதில் திப்புவுக்கு நிகர் திப்புதான். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கொல்லர்கள் அவருக்காகச் செய்த கைத்துப்பாக்கிகளில் புலி முகம் உறுமும்; புலியின் வரிகள் இரும்பில் ஓடும்; வெள்ளியும் பொன்னும் இழைத்திருக்கும். ஜோடியாகச் செய்யும்போது, வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று என்று விசைகளை மாற்றி அமைத்தார்கள்.

1799-இல் திப்பு விழுந்தார். அவருடைய ஆயுதங்கள் வெற்றி பெற்றவர்களின் கைகளுக்குப் போயின. அப்போது சென்னை கவர்னராக இருந்தவர் யார் தெரியுமா? எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவின் புதல்வர். திப்புவின் கூடாரமும் சிம்மாசனத்துப் புலித் தலை ஒன்றும் அந்தக் குடும்பத்தோடு வேல்ஸ் நாட்டு போவிஸ் மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தன. பிறர் ஆயுதங்கள் அழகாக இருக்கின்றன என்று எடுத்து வைத்துக்கொண்ட அந்தக் கவர்னர்தான், 1801 டிசம்பரில், பாளையங்களில் எவரும் ஆயுதம் வைத்துக்கொள்ளலாகாது என்று பிரகடனம் வெளியிட்டார். பாஞ்சாலங்குறிச்சியும் சிவகங்கையும் அடங்கிய கையோடு வந்த உத்தரவு அது.

1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தத் தடையைத் தேசம் முழுவதற்கும் விரித்தது. லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி தொடக் கூடாது. வெள்ளைக்காரருக்கோ அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. செங்கல்பட்டு ஜில்லாக் குடியானவன் காட்டுப் பன்றியிடமிருந்து பயிரைக் காக்க வேண்டுமானால் கச்சேரி வாசலில் மனுவோடு நிற்க வேண்டும். அதே ஜில்லாவுக்கு முயல் வேட்டைக்கு வரும் துரைக்கு ஒரு காகிதமும் வேண்டாம். துப்பாக்கி இல்லாதது அவ்வளவாக வலிக்கவில்லை. 'உன்னை நம்ப மாட்டோம்' என்று முகத்துக்கு நேரே சொன்னதுதான் வலித்தது. மறுக்கப்பட்ட பண்டத்துக்குக் கவர்ச்சி அதிகம். அந்தச் சட்டம் கைத்துப்பாக்கியைச் சுதந்திரத்தின் சின்னமாகவே ஆக்கிவிட்டது.

இனி லண்டனுக்குப் போக வேண்டும். அங்கே இந்தச் சட்டம் கிடையாது. அஞ்சலாபீசில் சில ஷில்லிங் கட்டி லைசென்ஸ் வாங்கினால், இந்திய மாணவனும் கடைக்குப் போய்க் கைத்துப்பாக்கி வாங்கலாம். அப்படி மூன்று பவுன் சொச்சம் கொடுத்து ஒன்று வாங்கினார் மதன்லால் திங்ரா. டாட்டன்ஹாம் கோர்ட் ரோடில் ஒரு சுடும் கூடம். பொழுதுபோக்குக்காகச் சுடுகிறவர்கள் அங்கே வருவார்கள். திங்ராவும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போய்க் காகித வட்டத்தைக் குறி பார்த்துச் சுடுவார். கூடத்துக்காரருக்கு அவரும் ஒரு ரசிகர், அவ்வளவே. 1909 ஜூலை 1 அன்று சாயங்காலமும் வந்தார், சுட்டார், போனார். அன்றிரவு கர்ஸன் வைலி கொல்லப்பட்டார். தடுக்க ஓடிவந்த பார்ஸி டாக்டர் லால்காகாவும் செத்தார். அவர் எந்த அநீதிக்குப் பொறுப்பாளி? குண்டுக்கு அதைக் கேட்கத் தெரியாது.

அதே வருஷம் இந்தியா ஹவுஸ் சமையற்காரரின் பெட்டி ஒன்று கப்பலேறியது. பெட்டிக்குப் பொய் அடித்தளம். அதற்குள் இருபது பிரௌனிங் கைத்துப்பாக்கிகள். அனுப்பியவர் சாவர்க்கர். அவற்றில் ஒன்று டிசம்பர் 21 அன்று நாசிக்கில் கலெக்டர் ஜாக்ஸனின் உயிரைக் குடித்தது. பிரௌனிங் என்பது அமெரிக்கர் ஒருவர் யோசித்து, பெல்ஜியத்துத் தொழிற்சாலை செய்த புது மாதிரி. சக்கிமுக்கிக் கல்லும் இல்லை, ரிவால்வரின் குண்டான உருளையும் இல்லை. சுட்ட வேகத்தின் உதைப்பே காலித் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை உள்ளே ஏற்றிவிடும். தட்டையாக, சட்டைப் பையில் தெரியாமல் கிடக்கும். கிளைவின் துப்பாக்கியைப் போல அது யாரையும் மன்னிக்காது.

லண்டனில் சாவர்க்கரின் வலது கையாக இருந்தவர் ஒரு தமிழர். பாரிஸ்டர் படிப்புக்குப் போன வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர். வ. வே. சு. ஐயர் என்றால் உங்களுக்கு உடனே தெரியும். 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவர். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி என்று நாம் கொண்டாடுகிறவர். ருக்மிணிக்காக நாமெல்லாம் கண்ணீர் விட்டிருக்கிறோம். அந்தக் கதையை எழுதிய கைதான் கைத்துப்பாக்கியும் பிடித்தது!

1910-இல் போலீசாரின் கண்ணில் மண்ணைத் தூவி, மாறுவேஷத்தில் ஐயர் புதுச்சேரி வந்து சேர்ந்தார். மாமல்லபுரத்திலிருந்து கடலோரமாகவே தெற்கே போனால் சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை, மரக்காணம், அதற்கப்பால் புதுச்சேரி. வழியெல்லாம் அதே மணல், அதே சவுக்கு, அதே உப்புக் காற்று. எல்லைக் கோட்டைத் தாண்டினால் மட்டும் பிரெஞ்சுச் சட்டம். சென்னை ராஜதானியின் ஆயுதச் சட்டம் அங்கே செல்லாது. பாரதியார் 1908 முதலே அங்கே இருந்தார், அரவிந்தரும் வந்துவிட்டார். ஐயர் இளைஞர்களுக்குச் சிலம்பமும் குஸ்தியும் கற்றுக்கொடுத்தார். குறி பார்த்துச் சுடவும் பழக்கினார். ஊருக்கு வெளியே கரடிக்குப்பம் பக்கம் பயிற்சி நடந்ததாகச் சொல்வார்கள்.

அந்த இளைஞர்களை எண்ணிப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக ஆயுதம் தொடக் கூடாது என்று விலக்கப்பட்டவர்கள். முதல் முறையாக ஒரு பிரௌனிங் கைக்கு வருகிறது. ஒருவர் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுக்கிறார். இரும்பு குளிர்ச்சியாக இருக்கிறது; உள்ளே நெஞ்சு கொதிக்கிறது. அவர்களில் ஒருவர் செங்கோட்டை வாஞ்சிநாதன், திருவாங்கூர் வனத்துறையில் சாதாரணக் குமாஸ்தா. 1911-இல் லீவு போட்டுவிட்டுப் புதுச்சேரிக்கு வந்தவர்.

1911 ஜூன் 17. மணியாச்சி ஜங்ஷன். முதல் வகுப்பு வண்டியில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ், எதிரே அவர் மனைவி. கொடைக்கானலில் இருந்த குழந்தைகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். வாஞ்சி ஏறினார், சுட்டார், ஓடி ஒரு கழிப்பறைக்குள் புகுந்து தம்மையும் சுட்டுக்கொண்டார். இரண்டு பெண்கள் விதவைகளானார்கள். வ. உ. சிதம்பரனாரின் கப்பல் கம்பெனியை நசுக்கியதில் ஆஷுக்குப் பங்கு இருந்தது மெய்தான். வாஞ்சியின் தியாகத்தைக் குறைத்துப் பேச யாருக்கு மனம் வரும்? அவர் சட்டைப் பையில் இருந்த கடிதத்தின் வாசகத்தைப் பற்றி இன்றும் விவாதம் நடக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். அடுத்த கலெக்டர் வந்தார். கும்பல் கும்பலாகக் கைதுகள் நடந்தன. பதினான்கு பேர் கூண்டில் நின்றார்கள். கப்பல் திரும்பி வரவில்லை.

மூன்று வருஷம் சென்று, 1914 ஜூன் 28 அன்று, சரயேவோ நகரத்தில் இன்னொரு இளைஞன் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசரையும் அவர் மனைவியையும் சுட்டான். அதுவும் அதே பெல்ஜியத் தொழிற்சாலையின் பிரௌனிங்தான். அந்தச் சிறிய இரும்பு கிளப்பிய நெருப்பு உலகத்தையே சூழ்ந்தது. செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னையின் மீது குண்டு வீசியது. புதுச்சேரியில் இருந்த சுதேசிகளை ஆப்பிரிக்காவுக்கு நாடு கடத்தப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. அப்போது ஐயர் என்ன செய்தார்? துப்பாக்கியைத் தேடவில்லை. போவதற்கு முன் தமிழுக்கு ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டும் என்று, இரவும் பகலுமாக உட்கார்ந்து திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1916-இல் அது புத்தகமாக வந்தது.

பிற்காலத்தில் ஐயர் காந்தியடிகளின் அகிம்சை வழியை ஏற்றுக்கொண்டார். 'தேசபக்தன்' ஆசிரியரானார், சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார், அங்கே எழுந்த சமபந்திச் சர்ச்சையில் கடும் கண்டனத்துக்கும் ஆளானார். 1925 ஜூனில் பாபநாசத்து அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்தவர் திரும்பவில்லை. அவர் ஏற்றுக்கொண்ட காந்தியடிகளும் 1948 ஜனவரி 30 அன்று ஒரு கைத்துப்பாக்கிக்கே இரையானார். இத்தாலியில் செய்த பெரெட்டா. குவாலியரில் கை மாறிக் கை மாறிக் கொலைகாரனிடம் வந்து சேர்ந்தது. அதை முதலில் வாங்கியவன் என்ன எண்ணி வாங்கினானோ! கைமாறிய ஒவ்வொரு முறையும் அது யாரோ ஒருவருக்குப் 'புதுத் துப்பாக்கி'யாகத்தானே இருந்திருக்கும்?

லிட்டனின் சட்டம் போய்விட்டது. சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959-இல் நிறைவேறி 1962-இல் அமலுக்கு வந்தது. அதில் கறுப்பு வெள்ளை பேதம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே லைசென்ஸ். 2019-இல் செய்த திருத்தப்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. 2014-இல் கான்பூரில் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டார்கள். அரைக் கிலோ எடை, நகைப் பெட்டி போன்ற பெட்டி! செங்கல்பட்டு ஜில்லாவிலேயே ஒத்திவாக்கத்தில் போலீசாரின் சுடும் தளம் இருக்கிறது. காகித வட்டத்தைக் குறி பார்த்து மெடல் வாங்கும் விளையாட்டு நல்ல விளையாட்டுதான். கண்ணையும் கையையும் மூச்சையும் ஒருமைப்படுத்தும் வித்தை அது. அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் மாமல்லபுரத்துச் சிற்பி சொன்னதை ஒரு மூலையில் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. ஆயுதத்துக்கும் ஒரு முகம் உண்டு. நண்பர்கள் மத்தியில் கைமாறும்போது அது சிரிக்கிறது. 'எனக்கு எப்போது வேலை கொடுக்கப் போகிறாய்?' என்று கேட்டுக்கொண்டும் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு வாஞ்சி உயிரையே பதிலாகக் கொடுத்தார். ஐயரோ அதைக் காதில் வாங்காமல் இருக்கக் கற்றுக்கொண்டார். ஐயர் கையில் இருந்த பிரௌனிங் எங்கே போயிற்று என்று இன்று யாரும் தேடுவதில்லை. குளத்தங்கரையில் அவர் நட்டுவைத்த அரசமரம் மட்டும் இன்னும் நிழல் தந்துகொண்டிருக்கிறது.