பெஞ்ச்சில் உட்கார்ந்த கோல்கீப்பர்

திண்டுக்கல்காரன்னு சொன்னா ரெண்டே விஷயம்தான் கேப்பாங்க. பூட்டு, பிரியாணி. ஹாக்கி பத்தி இதுவரைக்கும் எவனும் கேட்டதில்லை. ஆனா இன்னைக்கு மேட்டர் அதுதான் மக்களே :-)

2025 டிசம்பர் 2-ம் தேதி மதுரையில் ஜூனியர் உலகக் கோப்பை மேட்ச், இந்தியா - சுவிட்சர்லாந்து. பஸ் ஏறிப் போயிட்டேன். ஆபீசில் அப்ப நான் நாலு மாசமா பெஞ்ச். ப்ராஜெக்ட் இல்லாம சம்பளம் வாங்கறதுன்னு அர்த்தம். கேக்க சுகமா இருக்கும், உட்கார்ந்து பார்த்தாத்தான் தெரியும். இந்தியா 5-0ன்னு ஜெயிச்சது. நான் பாதி நேரம் பார்த்தது கோச்சைத்தான். பி.ஆர்.ஸ்ரீஜேஷ்.

எர்ணாகுளம் பக்கம் கிழக்கம்பலத்தில் விவசாயி வீட்டுப் பையன். 12 வயசில் திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளி. ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால்னு சுத்திட்டு கடைசியில் ஹாக்கி கோல் போஸ்டுக்கு வந்து சேர்ந்தார். பேடு, ஹெல்மெட் எல்லாம் வாங்க அப்பா பசுமாட்டை வித்தாராம்.

2006-ல் கொழும்பு தெற்காசியப் போட்டியில் சீனியர் டீமுக்கு வந்தாச்சு. அப்புறம்? காத்திருப்புதான். அட்ரியன் டிசோசா, பரத் சேத்ரின்னு முன்னாடி ரெண்டு சீனியர்கள். ஃபார்வர்டுன்னா பரவால்லை, ஹாக்கியில் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் ஆளை மாத்துவாங்க. கோல்கீப்பரை அப்படி மாத்த மாட்டாங்க. இடம் ஒண்ணுதான். ரெண்டாவது ஆளுக்கு நெட் பிராக்டிஸ்தான் மேட்ச்.

அஞ்சு வருஷம் கழிச்சு, 2011-ல் சீனாவின் ஓர்டோஸ் நகரத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஃபைனல். எதிரே பாகிஸ்தான். பெனால்டி ஸ்ட்ரோக் வரைக்கும் போச்சு. பந்துக்கும் கோலுக்கும் நடுவில் 6.4 மீட்டர்தான். ரெண்டைத் தடுத்தார். கப்பு நமக்கு.

சினிமான்னா இங்கேயே சுபம் போட்டிருப்பாங்க. நிஜத்தில் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா 12-வது இடம், அதாவது கடைசி. பூட்டும் கோல்கீப்பரும் ஒரே ஜாதி. ஒழுங்கா வேலை செஞ்சா யாரும் பேச மாட்டாங்க, திறந்துக்கிட்டா ஊரே பேசும்.

2014 இன்ச்சியான் ஆசியப் போட்டி ஃபைனல், மறுபடி பாகிஸ்தான். ஷூட் அவுட்டில் ரெண்டைத் தடுத்தார், 16 வருஷத்துக்கு அப்புறம் தங்கம். 2016 ரியோவில் கேப்டன். 2017-ல் முழங்கால் காயம், பல மாசம் மறுபடியும் வெளியே. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியோட 5-4, கடைசி வினாடிகளில் பெனால்டி கார்னரைத் தடுத்து வெண்கலம். முடிஞ்சதும் கோல் போஸ்ட் மேலேயே ஏறி உட்கார்ந்துட்டார். 1972-ல் மேனுவல் ஃபிரெடெரிக்குக்கு அப்புறம் ஒலிம்பிக் பதக்கம் வாங்கின மலையாளி. அவரும் கோல்கீப்பர்தான்!

2024 பாரிஸ் காலிறுதியில் பிரிட்டன். 17-வது நிமிஷமே அமித் ரோஹிதாஸுக்கு சிவப்பு அட்டை. மீதி நேரம் முழுக்க பத்து பேர். 1-1ன்னு இழுத்து, ஷூட் அவுட்டில் 4-2. ஸ்பெயினை ஜெயிச்சு இன்னொரு வெண்கலத்தோட ஓய்வு. அவரோட 16-ம் நம்பர் சட்டையை சீனியர் டீமில் இனி யாருக்கும் தர்றதில்லைன்னு ஹாக்கி இந்தியா அறிவிச்சது.

எல்லாம் சரி, உறுத்தற விஷயம் ஒண்ணு இருக்கு. பாரிஸ் போன ரிசர்வ் கோல்கீப்பர் கிருஷன் பகதூர் பாடக். 2018-லேயே இந்தியாவுக்கு ஆட ஆரம்பிச்சவர். ஸ்ரீஜேஷ் அங்கே நின்ன வரைக்கும் இவருக்கு ஒலிம்பிக்கில் இடம் இல்லை. ஒருத்தர் பெஞ்ச்சை விட்டு எழுந்தா, இன்னொருத்தர் அதே பெஞ்ச்சில் உட்கார வேண்டியிருக்கு. காத்திருந்த எல்லாரும் ஸ்ரீஜேஷ் ஆயிடறதும் இல்லை.

மதுரையிலிருந்து திரும்பும்போது மொபைலில் ராஜினாமா லெட்டர் டிராஃப்டா கிடந்தது. அழிக்கலை, அனுப்பவும் இல்லை. பாதியில் விட்ட ஜாவா புத்தகத்தை எடுத்தேன். அவர் அஞ்சு வருஷமும் சும்மா உட்கார்ந்திருந்தா, ஓர்டோஸில் அந்த ரெண்டு பந்தும் உள்ளே போயிருக்கும் இல்லையா?

நீங்க யாராவது பெஞ்ச்சில் இருந்திருக்கீங்களா? எத்தனை மாசம்? சொல்லிட்டுப் போங்க.